போர் விமானம் தலைக்கு மேல் பறந்தால் யார் காசு? கடற்படைக் காட்சிகளின் செலவுக் கணக்கு

2020 ஏப்ரல் 28 அன்று, கொரோனா முதல் அலை உச்சத்தில் இருந்தபோது, நியூயார்க், நுவார்க், ட்ரென்டன், பிலடெல்ஃபியா நகரங்களின் மேல் 12 போர் விமானங்கள் அணிவகுத்துப் பறந்தன. ஆறு அமெரிக்கக் கடற்படையின் ‘புளூ ஏஞ்சல்ஸ்’ என்ற விமானச் சாகசக் குழுவினுடையவை. மற்ற ஆறு விமானப்படையின் ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்ற சாகசக் குழுவினுடையவை. மருத்துவப் பணியாளர்களுக்கு மரியாதை செலுத்துவதற்காக நடந்த நிகழ்ச்சி அது. அடுத்த இரண்டு வாரங்களில் வாஷிங்டன், அட்லாண்டா, டாலஸ், சிகாகோ என்று மற்ற நகரங்களுக்கும் போனார்கள்.

உடனே சண்டை தொடங்கியது. இந்தப் பன்னிரண்டும் சேர்ந்து பறக்க மணிக்கு ஏறத்தாழ 60,000 டாலர் ஆகிறது என்று செய்தி வந்தது. முகக்கவசத்துக்கே தட்டுப்பாடு இருக்கும் நேரத்தில் இது தேவையா என்று ஒரு தரப்பு கேட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனோ, ஏற்கெனவே ஒதுக்கிய பயிற்சிப் பணத்தில்தான் பறக்கிறோம், வரி கட்டுபவருக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை என்றது.

ஒருவர் 60,000 என்கிறார், இன்னொருவர் பூஜ்யம் என்கிறார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். கடற்படை மக்களிடம் வரும் ஒவ்வொரு முறையும், அது விமானச் சாகசமோ கப்பல் வருகையோ பேண்டு வாத்தியமோ, இதே குழப்பம் திரும்ப வருகிறது. கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், அடுத்த முறை எந்த எண்ணைப் பார்த்தாலும் அதை எடைபோட முடியும்.

ஒரு வேன், மூன்று சவாரிகள்

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து மதுரைக்குத் தினமும் காய்கறி ஏற்றிப்போகும் ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். வேனுக்கு இ.எம்.ஐ. கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் இருக்கிறது, எஃப்.சி. எடுக்க வேண்டும், டிரைவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். வேன் ஓடினாலும் நின்றாலும் இவை போய்க்கொண்டேதான் இருக்கும். இப்படி, வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் குறையாத செலவுக்கு மாறாச் செலவு என்று பெயர்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் முன் சீட்டில் ஏறிக்கொள்கிறார். வேன் எப்படியும் மதுரைக்குப் போகிறது. அவர் ஏறியதால் முதலாளிக்கு ஒரு ரூபாய் கூடச் செலவு ஏறவில்லை. இது முதல் சவாரி.

இன்னொரு நாள், ‘மதுரையிலிருந்து அப்படியே திருமங்கலம் வரை கொண்டுவந்து விட்டுவிடுங்கள்’ என்கிறார். இப்போது போக வர டீசல், டிரைவருக்குக் கொஞ்சம் பேட்டா சேர்கிறது. ஒரு காரியத்தைச் செய்ததால் மட்டும் புதிதாகச் சேரும் இந்தச் செலவைப் பொருளியலில் இறுதிநிலைச் செலவு என்பார்கள். இது இரண்டாவது சவாரி.

அப்புறம் முதலாளி, ஊர்க்காரர்களை இலவசமாக ஏற்றிப்போனால் தன் கடைக்கு நல்ல பெயர் கிடைக்கிறது என்று கண்டுகொண்டு, அதற்காகவே இரண்டாவதாக ஒரு வேனை வாங்குகிறார். அந்த வேனின் இ.எம்.ஐ.யிலிருந்து டயர் வரை எல்லாமே இலவசச் சவாரியின் கணக்கில்தான் வரும். இது மூன்றாவது சவாரி.

இலவசச் சவாரிக்கு எவ்வளவு ஆகிறது என்று அவரிடம் கேட்டால், எந்தச் சவாரியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் இருக்கும். கடற்படை விஷயத்திலும் அப்படித்தான். முழு விலையைச் சொல்பவர் மாறாச் செலவையும் சேர்த்துச் சொல்கிறார். பூஜ்யம் என்பவர் இறுதிநிலைச் செலவை மட்டும் சொல்கிறார்.

பறக்கும் மணிகள் முன்கூட்டியே வாங்கப்படுகின்றன

அமெரிக்கக் கால்பந்துப் போட்டி தொடங்கும் முன் தேசிய கீதம் பாடி முடிக்கும் நொடியில் ஸ்டேடியத்தின் மேல் நான்கு போர் விமானங்கள் சீறிப்போவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இது முதல் சவாரியைச் சேர்ந்தது. ஏன் என்று பார்ப்போம்.

அமெரிக்கக் கடற்படையில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும், அதாவது விமானப் பிரிவுக்கும், ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பறக்கலாம் என்று முன்கூட்டியே ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டைப் பறக்கும் மணிகள் என்று சொல்வோம். எரிபொருளுக்கும் உதிரி பாகத்துக்குமான பணம் அதற்குள் வந்துவிடும். விமானி குறிப்பிட்ட நேரம் பறந்துகொண்டே இருந்தால்தான் அவருடைய தகுதி கைவிட்டுப் போகாமல் இருக்கும். ஆக, அந்த மணிகள் பாலைவனத்தின் மேலோ கடலின் மேலோ எப்படியும் செலவாகத்தான் போகின்றன. அதில் ஒன்றை ஸ்டேடியத்தின் மேல் பறந்து கழித்தால் புதிதாகச் செலவு எதுவும் சேராது.

அது வெறும் சாக்குதானே என்று தோன்றலாம். ஸ்டேடியத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அப்படித் தோன்றாது. மைதானத்தில் ஒரு கடற்படை அதிகாரி வானொலிக் கருவியோடு நிற்பார். பாடகர் ஒத்திகையில் கீதத்தை எத்தனை நொடியில் முடித்தார் என்று முன்பே குறித்து வைத்திருப்பார். விமானங்கள் சில மைல் தூரத்தில் வட்டமடித்துக் காத்திருக்கும். மேடையில் பாடகர் உணர்ச்சிவசப்பட்டு ஒரு வரியை இழுத்துவிட்டால், அதிகாரி உடனே மேலே தகவல் சொல்ல, விமானிகள் வேகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட இடத்தின் மேல் குறிப்பிட்ட நொடியில் போய்ச் சேருவது போர் விமானிக்கு உயிர்நாடியான திறமை. இலக்கின் மேல் அந்த நொடியில் இல்லையென்றால் போரில் மொத்தத் திட்டமும் குலையும். இந்த வகைப் பறப்பைப் பயிற்சி என்று கணக்கெழுதுவதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

2023 பிப்ரவரியில் அரிசோனாவில் நடந்த அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில், கடற்படையில் பெண்கள் விமானியாகி 50 ஆண்டுகள் நிறைவானதைக் குறிக்க, பெண்கள் மட்டுமே ஓட்டிய அணி பறந்தது. இரண்டு எஃப்/ஏ-18எஃப், ஒரு எஃப்-35சி, ஒரு ஈ.ஏ-18ஜி. வெவ்வேறு வகை விமானங்கள் ஒரே அணியாகச் சேர்ந்து பறப்பதும் பயிற்சிதான். பல கோடிப் பேர் பார்த்த அந்தச் சில நொடிகளை விளம்பர நேரமாக விலைக்கு வாங்கியிருந்தால் லட்சக்கணக்கான டாலர் ஆகியிருக்கும்.

கேட்டவர்களுக்கெல்லாம் விமானம் வந்துவிடாது. டிடி 2535 என்றொரு படிவம் இருக்கிறது. நிகழ்ச்சி நடத்துபவர் அதை நிரப்பி அனுப்ப வேண்டும், நிகழ்ச்சி தகுதியானதா என்று பென்டகன் பார்க்கும், அதன் பிறகும் ஏதாவது ஒரு ஸ்குவாட்ரன் ‘நாங்கள் போகிறோம்’ என்று தானாக முன்வந்தால்தான் உண்டு.

இதுவரை பார்த்தது: பறக்கும் மணிகளுக்கான பணம் முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே நடக்க இருந்த பயிற்சியைக் கூட்டத்தின் மேல் நடத்தினால் இறுதிநிலைச் செலவு கிட்டத்தட்ட இல்லை.

அதே விமானம், இன்னொருவருக்கு மணிக்கு 11,374 டாலர்

2022-இல் வெளிவந்து உலகெங்கும் ஓடிய ஒரு ஹாலிவுட் படத்தில் கடற்படையின் சூப்பர் ஹார்னெட் விமானங்கள் பறந்தன. அதற்காகக் கடற்படை படத் தயாரிப்பாளர்களிடம் மணிக்கு 11,374 டாலர் வரை வசூலித்தது. ஸ்டேடியத்துக்குச் சும்மா வரும் விமானத்துக்குச் சினிமாக்காரர்கள் மட்டும் ஏன் பணம் கட்ட வேண்டும்?

சினிமாவுக்காகப் பறப்பது இரண்டாவது சவாரி. கேமரா கோணத்துக்காக ‘இன்னொரு முறை வாருங்கள்’ என்று இயக்குநர் கேட்டால், அந்த ஒரு மணி நேரம் ஸ்குவாட்ரனின் பயிற்சித் திட்டத்தில் இருந்ததில்லை. அது புதிதாகச் சேர்ந்த பறப்பு. அதற்கான பணத்தை அரசு திருப்பி வாங்கிக்கொள்ளும். இதை ஈட்டுத்தொகை வசூல் எனலாம். அதே படப்பிடிப்பில், எப்படியும் நடக்க இருந்த பயிற்சிப் பறப்பை ஓரமாக நின்று படமெடுத்துக்கொண்டால் அதற்குப் பணம் கிடையாது. விதி விமானத்தைப் பார்ப்பதில்லை, அந்தப் பறப்பு எதற்காக நடந்தது என்பதைத்தான் பார்க்கிறது.

மணிக்கு இவ்வளவு என்ற எண்ணும் ஒரே எண் அல்ல. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒவ்வொரு வகை விமானத்துக்கும் ஆண்டுதோறும் மணிக் கட்டணப் பட்டியல் வெளியிடுகிறது. படைக்குள்ளேயே கேட்டால் ஒரு விலை, மற்ற அரசுத் துறைகளுக்கு ஒரு விலை, வெளியாருக்கு ஒரு விலை. யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்து, எந்தெந்தச் செலவைச் சேர்ப்பது என்பது மாறும். அதனால் செய்தியில் மணிக்கு இத்தனை ஆயிரம் என்று படித்தால், அதற்குள் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாமல் இன்னோர் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

புளூ ஏஞ்சல்ஸ் கதை வேறு

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஸ்டேடியப் பறப்புக்குப் பொருந்தும் வாதத்தை அப்படியே எடுத்துப் புளூ ஏஞ்சல்ஸ் குழுவுக்கும் பொருத்திவிடுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கடற்படைத் தலைவராக இருந்த அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ் 1946-இல் இந்தக் குழுவை அமைக்க உத்தரவிட்டார். போர் ஓய்ந்ததும் பட்ஜெட் சுருங்கிக்கொண்டிருந்தது. கடற்படை விமானப் பிரிவை மக்கள் மறந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். அந்த ஆண்டு ஜூன் மாதம் ஃப்ளோரிடாவில் முதல் காட்சி நடந்தது. இன்று ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் குழுவின் தளம் இருக்கிறது. குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவின் எல் சென்ட்ரோவுக்குப் போய்ப் பயிற்சி எடுப்பார்கள். விமானிகளோடு மெக்கானிக்குகள், மருத்துவர், மக்கள் தொடர்பு அதிகாரி என நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆட்களையும் பொருட்களையும் ஏற்றிச்செல்ல ‘ஃபேட் ஆல்பர்ட்’ என்ற தனி சரக்கு விமானம் உண்டு. பழையது ஓய்வு பெற்றபின், பிரிட்டனிடமிருந்து பயன்படுத்திய சி-130ஜே விமானம் ஒன்றை 2 கோடியே 97 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள்.

இது முழுக்க முழுக்க மூன்றாவது சவாரி. மக்களிடம் போவதற்காகவே வாங்கிய வேன். அவர்கள் எடுக்கும் பயிற்சி, காட்சி நடத்துவதற்கான பயிற்சி. ஒரு விமானத்தின் இறக்கைக்கும் அடுத்த விமானத்துக்கும் 18 அங்குல இடைவெளியில் பறப்பது வியக்க வைக்கும் திறமை, ஆனால் எந்தப் போரிலும் யாரும் அப்படிப் பறப்பதில்லை. ஆகவே, புளூ ஏஞ்சல்ஸ் ஒரு நகரத்தின் மேல் பறந்ததைப் பயிற்சிப் பணம்தான் என்று சொல்வது எழுத்தளவில் சரியாக இருந்தாலும் கேட்பவரின் கேள்விக்குப் பதில் ஆகாது. அந்தப் பயிற்சிப் பணமே மக்கள் தொடர்புக்காக ஒதுக்கிய பணம்தானே. 2013-இல் இந்தக் குழுவின் ஆண்டுச் செலவு சுமார் 4 கோடி டாலர் என்று பேசப்பட்டது. கடற்படையின் மொத்தப் பட்ஜெட்டில் இது கடுகளவு. ஆனாலும் பூஜ்யம் அல்ல. பணத்தைத் தவிர உயிரும் இதில் இருக்கிறது. 2016 ஜூன் 2 அன்று டென்னசியின் ஸ்மர்னாவில் காட்சிக்கு முந்தைய ஒத்திகையின்போது விமானம் விழுந்து குழுவின் விமானி ஒருவர் இறந்தார்.

2013: குழாயை மூடிப் பார்த்த வருடம்

செலவு உண்மையில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், நிறுத்திப் பார்க்க வேண்டும். 2013-இல் அது தானாகவே நடந்தது. அமெரிக்க காங்கிரஸில் உடன்பாடு வராததால் அந்த ஆண்டு மார்ச் 1 முதல் எல்லாத் துறைகளிலும் கட்டாயப் பட்ஜெட் வெட்டு விழுந்தது. சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே, ஏப்ரல் 9 அன்று, புளூ ஏஞ்சல்ஸின் மீதிக் காட்சிகளை எல்லாம் கடற்படை ரத்து செய்தது. கப்பல்களைப் பொதுமக்களுக்குக் காட்டும் நியூயார்க் ஃப்ளீட் வீக் விழாவிலிருந்தும் விலகிக்கொண்டது. ஸ்டேடியப் பறப்புகளும் நின்றன.

குழுவைக் கலைக்கவில்லை. விமானிகளுக்குச் சம்பளம் போனது, விமானங்கள் கொட்டகையில் இருந்தன, தகுதி போய்விடாமல் இருக்கும் அளவுக்குக் குறைந்த நேரம் பறந்தார்கள். மிச்சமானது எரிபொருள், உதிரி பாகம், பயணச் செலவு. அதாவது மாறாச் செலவு அப்படியே நிற்க, இறுதிநிலைச் செலவு மட்டும் கழிந்தது. 2014-இல் காட்சிகள் மறுபடி தொடங்கின.

சரி, ஸ்டேடியப் பறப்புக்குக் கூடுதல் செலவே இல்லையென்றால் அதை ஏன் நிறுத்தினார்கள்? ஏனென்றால் அந்த வருடம் பறக்கும் மணிகளே வெட்டப்பட்டன. சில போர் ஸ்குவாட்ரன்கள் தரையிலேயே முடங்கும் அளவுக்கு வந்தன. இருக்கும் கொஞ்ச மணிகளை ஸ்டேடியத்தில் கழித்தால் குண்டுவீச்சுப் பயிற்சிக்கு மணி இருக்காது. ஒன்றைச் செய்ததால் செய்ய முடியாமல் போன இன்னொன்றின் மதிப்பை வாய்ப்புச் செலவு என்பார்கள். பணம் தாராளமாக இருக்கும்போது ஸ்டேடியப் பறப்பின் வாய்ப்புச் செலவு கண்ணில் படாது. கை இறுகும்போது அதுதான் முதலில் தெரியும். ‘கூடுதல் செலவு இல்லை’ என்ற வாதம் எல்லாக் காலத்துக்கும் பொருந்துவதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இதுவரை பார்த்தது: சாதாரண ஸ்குவாட்ரன் ஸ்டேடியத்தின் மேல் பறப்பதும், சாகசத்துக்காகவே இருக்கும் குழு பறப்பதும் ஒரே கணக்கல்ல. பட்ஜெட் இறுகினால் இலவசமாகத் தெரிந்ததற்கும் விலை வந்துவிடும்.

சத்தமில்லாத வேலைகள்தான் ரொக்கம் கேட்கின்றன

கடற்படையின் மக்கள் தொடர்பு விமானங்களோடு முடிவதில்லை. கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்து பொதுமக்களை ஏற்றிக்காட்டும் ஃப்ளீட் வீக் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மேயர் டையேன் ஃபைன்ஸ்டீன் காலத்தில், 1981-இல், இது தொடங்கியது. கப்பல் எப்படியும் கடலில் இருக்கும், மாலுமிகளுக்கும் கரையில் ஓய்வு தேவை. ஆகவே பாதி முதல் சவாரி, பாதி இரண்டாவது.

எனக்கு மிகவும் பிடித்தது நேவி வீக். அமெரிக்காவின் நடுவில் வாழும் பலர் கடற்படைக்காரர் ஒருவரை நேரில் பார்த்ததே இருக்காது. அப்படிப்பட்ட உள்நாட்டு நகரங்களுக்கு 2005 முதல் ஆண்டுதோறும் மாலுமிகள் ஒரு வாரம் போகிறார்கள். பள்ளியில் பேண்டு வாசிக்கிறார்கள், உணவு வங்கியில் மூட்டை தூக்குகிறார்கள், மருத்துவமனையில் குழந்தைகளைப் பார்க்கிறார்கள், அந்த ஊரின் பெயர் தாங்கிய கப்பலில் வேலை செய்யும் மாலுமியை அந்த ஊருக்கே அழைத்துவருகிறார்கள். இதை நடத்தும் அலுவலகம் கடலே இல்லாத டென்னசி மாநிலத்தின் மில்லிங்டனில் இருக்கிறது.

கணக்கைப் பார்த்தால் இங்கே ஒரு விசித்திரம். மாலுமியின் விமான டிக்கெட், ஹோட்டல் அறை, தினப்படி எல்லாமே புதிதாகக் கையிலிருந்து போகும் பணம். எந்தப் பயிற்சி ஒதுக்கீட்டுக்குள்ளும் இதை ஒளிக்க முடியாது. வானத்தைக் கிழித்துப்போகும் நான்கு போர் விமானங்கள் கணக்கில் பூஜ்யம், பள்ளிக்கூடத்தில் டிரம்பெட் வாசிக்கும் மாலுமி கணக்கில் செலவு! இறுதிநிலைச் செலவை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், விலை குறைந்த, மனிதரோடு மனிதர் பேசும் வேலைகள்தான் முதலில் வெட்டுப்படும். இது தவறான முடிவு என்று நினைக்கிறேன்.

மரியாதையைக் காசுக்கு விற்ற கதை

மக்கள் தொடர்பையும் ஆள்சேர்ப்பு விளம்பரத்தையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அமெரிக்காவில் 1973-இல் கட்டாய ராணுவச் சேவை நின்றதிலிருந்து, படைகள் விளம்பரம் செய்துதான் ஆள் எடுக்கின்றன. அதற்குத் தனிப் பணம் உண்டு, அதை விளையாட்டு அணிகளுக்கும் கொடுப்பார்கள்.

2015 நவம்பரில் செனட்டர்கள் ஜான் மெக்கெய்னும் ஜெஃப் ஃப்ளேக்கும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மெக்கெய்ன் தாமே முன்னாள் கடற்படை விமானி. மைதானத்தில் வீரர்களைக் கௌரவிப்பது, கொடி ஏந்தி வருவது போன்றவை, அணிகள் மனமுவந்து செய்பவை என்று ரசிகர்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவற்றில் சிலவற்றுக்குப் பாதுகாப்புத் துறையே காசு கொடுத்திருந்தது அதில் வெளியானது. அத்தகைய ஒப்பந்தங்களுக்குப் போன தொகை 68 லட்சம் டாலர். தேசியக் காவல் படையின் பங்குதான் அதில் பெரியது. மறு ஆண்டு என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 7 லட்சத்து 23 ஆயிரம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. விமானம் பறக்கும் செலவோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதான். ஆனால் எழுந்து நின்று கைதட்டிய ரசிகருக்கு அது விளம்பரம் என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் கோபத்துக்குக் காரணம், அந்தக் கோபம் நியாயமானது.

மொத்தத்தை ஏன் யாராலும் சொல்ல முடிவதில்லை

இவ்வளவுக்கும் பிறகு, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டால் ஒரே எண் கிடைக்காது. சம்பளம் ஆட்களுக்கான கணக்கில் இருக்கும். எரிபொருளும் பராமரிப்பும் இயக்கக் கணக்கில். விமானம் வாங்கியது கொள்முதல் கணக்கில், அதுவும் பல வருடம் முன்பு. சாலையை மூடி, போலீஸை நிறுத்தி, குப்பை அள்ளிய செலவு நகராட்சியின் கணக்கில் போய்விடும். யாரும் மறைப்பதற்காக இப்படிப் பிரிக்கவில்லை, அரசுப் பட்ஜெட் எங்குமே இப்படித்தான் எழுதப்படுகிறது.

பலனை அளப்பது இன்னும் கடினம். பத்து வயதில் சாகசக் காட்சி பார்த்த பையன் பதினெட்டில் சேர்ந்தால், அந்தக் காட்சியால் சேர்ந்தானா, ஊரில் வேலை கிடைக்காததால் சேர்ந்தானா? 2023 நிதியாண்டில் அமெரிக்கக் கடற்படை தன் ஆள்சேர்ப்பு இலக்கைத் தவறவிட்டது. புளூ ஏஞ்சல்ஸ் அந்த ஆண்டும் நாடு முழுக்கப் பறந்துகொண்டுதான் இருந்தது. இதை வைத்துக் காட்சிகளால் பயனில்லை என்றும் சொல்ல முடியாது, அவை இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

அதனால் புளூ ஏஞ்சல்ஸ் போன்ற நிரந்தரக் குழுவுக்காவது சம்பளம், எரிபொருள், பராமரிப்பு, விமான விலை எல்லாவற்றையும் கூட்டி ஆண்டுக்கு ஒரே தொகையாக வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. சாதாரண ஸ்குவாட்ரன் ஸ்டேடியத்தின் மேல் பறந்ததற்கு அப்படி எதுவும் தேவையில்லை. அங்கே பயிற்சி என்ற பதிலே போதும்.